பழைய ரோட்ஸ்டர் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கூரையைத் திறந்துகொண்டு ஓட்டக்கூடிய, இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார்களை ரோட்ஸ்டர் என்பார்கள். அப்படிப்பட்ட பழைய கார் ஒன்றை அன்றாட வேலைக்காக அல்லாமல் ஓட்டும் மகிழ்ச்சிக்காகவே வாங்கிப் பராமரிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குடும்பத்துக்கென்று ஒரு கார் ஏற்கெனவே இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஓட்டி மகிழ ஒரு பழைய ரோட்ஸ்டர் வாங்க விரும்புகிறேன். என் சேமிப்பு பெரிதல்ல. எந்தக் காரைத் தேடுவது?

மஸ்தா எம்எக்ஸ்-5 காரைத் தேடுங்கள். வட அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது இதே கார்தான்.

இந்தப் பரிந்துரைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960களில் வந்த எம்ஜிபி, லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள் ஓட்டுவதற்கு மிக இனிமையானவை; ஆனால் எண்ணெய்க் கசிவும் மின் இணைப்புக் கோளாறுகளும் அவற்றை வைத்திருந்தவர்களைப் பாடாய்ப் படுத்தின. 1980இல் எம்ஜிபி உற்பத்தி நின்றபோது, எளிய விலையில் கிடைத்த அந்த வகைக் காரே ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த இனிமையை நம்பகமான இன்ஜினோடு மீண்டும் கொண்டுவரலாம் என்று மஸ்தா நிறுவனத்திடம் எடுத்துச் சொன்னவர் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 அறிமுகமானது; 2016இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறு எதுவும் இல்லை.

சேமிப்பு பெரிதல்ல என்று எழுதியிருக்கும் உங்களுக்கு இந்த எண்ணிக்கைதான் முக்கியம். பத்து லட்சம் கார்கள் ஓடியிருப்பதால் உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, எந்தக் கோளாறு எங்கே வரும் என்பது தெரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்யும் வழியும் பலரால் சோதிக்கப்பட்டிருக்கிறது. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையில் முகப்பு விளக்குகள் மேலெழுந்து மடங்கும். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்குகள் நிலையானவை. பெரும்பாலானவற்றில் பின் ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு. மூன்றாம் தலைமுறை 2015 வரை வந்தது. அதில், இன்ஜினின் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டைக்குப் பதிலாகச் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. முதல் தலைமுறைக் கார்களை இப்போது சேகரிப்பவர்கள் தேடத் தொடங்கிவிட்டதால், மலிவு என்பதை முதன்மையாகக் கொண்டால் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு 2001 எம்எக்ஸ்-5 பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டம் குறைவு, பெயின்ட் பளபளக்கிறது, இன்ஜின் சத்தமும் நன்றாக இருக்கிறது. வாங்கும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் பார்த்த மூன்றும் நல்ல அறிகுறிகள்தாம். ஆனால் இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவை அல்ல. இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் பொருத்தலாம். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் மாற்றலாம். பாடியில் துரு ஆழமாக இறங்கிவிட்டால் அதை வெட்டியெடுத்துப் புது தகடு வைத்து வெல்டிங் செய்யும் செலவு, பல சமயம், காரின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே முதலில் முழங்காலிட்டுக் குனிந்து காரின் அடியைப் பாருங்கள், பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

துரு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பார்ப்பது எளிது. துணிக் கூரையின் மேல் விழும் மழைநீரில் ஒரு பகுதி, கூரையின் பின்விளிம்பில் உள்ள ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் விழும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இலைச் சருகும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் சில் எனப்படும் பெட்டித் தகட்டுக்குள் அது புகுந்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். எனவே பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அங்கே வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பளபளக்கும் புதுப் பெயின்ட் இந்த இடத்தில் எனக்கு எப்போதுமே சந்தேகத்தைத்தான் தரும்.

உங்கள் கார் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் இன்னொரு இடத்தையும் பார்த்தாக வேண்டும். முன்பக்கம் இன்ஜினுக்கு இருபுறமும் செல்லும் சேசிஸ் தண்டுகள், முன் சஸ்பென்ஷன் இணையும் பகுதிக்கு அருகே, இரட்டைத் தகடுகளாக இருக்கின்றன. அந்த இரண்டு தகடுகளுக்கும் இடையே ஈரம் தங்கித் துரு பிடிப்பது இந்தத் தலைமுறையின் அறியப்பட்ட குறை. காரை ஜாக்கியில் அல்ல, லிஃப்ட்டில் ஏற்றித்தான் இதைச் சரியாகப் பார்க்க முடியும். லிஃப்ட்டில் ஏற்ற உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பிறகு டிக்கி. முதல் இரண்டு தலைமுறைகளிலும் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, வாயுவை வெளியேற்றும் குழாய் இணைக்கப்பட்ட, மூடிய வகை பேட்டரி. அதற்குப் பதிலாகச் சாதாரண பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்திருந்தால், அமில ஆவி சுற்றியுள்ள தகட்டை அரித்திருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவோ பூஞ்சை வாடையோடோ இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது.

இதற்குப் பிறகே இன்ஜின். உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் போகும்வரை காரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் குளிர்ந்த இன்ஜின் மறைப்பது குறைவு. ரேடியேட்டரின் மேற்பகுதிப் பிளாஸ்டிக் கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ மாறியிருந்தால் அது வெடிப்பதற்குத் தயாராகிவிட்டது. கிளட்ச் மிதி தளர்ந்து கியர் விழ மறுத்தால் பெரும்பாலும், மிதியின் அழுத்தத்தைத் திரவம் மூலம் கிளட்சுக்குக் கொண்டுசேர்க்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. அது மலிவான பாகம், விலையைக் குறைத்துப் பேச உதவும். முதல் தலைமுறையில் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜின்களில் மட்டும் கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் முதன்மைச் சுழல்தண்டின் மூக்குப் பகுதி குட்டையானது. அதில் கப்பியைப் பிடித்து நிறுத்தும் சாவிப்பள்ளம் தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கினால் பெரிய வேலை. உங்கள் 2001 காருக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: கூரையை எப்படிப் பராமரிப்பது? என் காரில் பின் ஜன்னல் பிளாஸ்டிக் மங்கிவிட்டது. மழை பெய்தால் இருக்கைக்குக் கீழே ஈரமாகிறது.

ஈரத்தை முதலில் கவனிப்போம். கூரை கிழிந்திருக்கிறது என்று நினைத்துப் புதுக் கூரை வாங்கிவிடாதீர்கள். நான் என் காரை வாங்கிய முதல் மழைக்காலத்தில் அதைத்தான் செய்ய இருந்தேன். ஒரு முதிய மெக்கானிக் தடுத்து, இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிடி மக்கிய இலைகளை எடுத்துக் காட்டினார். வடிகாலைத் திறந்தவுடன் ஈரம் நின்றது. வடிகாலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது, குழாய் கிழிந்துவிடும். வளையக்கூடிய தடித்த நைலான் இழையை மெதுவாக நுழைத்து, பிறகு ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் அந்த நீர் தரையில் விழுவதைக் கண்ணால் காணும்வரை வேலை முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்பவருடைய காரில் சில் துருப்பிடிப்பதை நான் கண்டதில்லை.

வடிகால் சுத்தமாக இருந்தும் ஈரம் வந்தால், கதவுக் கண்ணாடியும் கூரையும் சந்திக்கும் ரப்பர்களைப் பாருங்கள். காய்ந்து தட்டையான ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் தடவினால் ஓரளவு உயிர் வரும். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும் என்பதால் அதைத் தொடாதீர்கள்.

பிளாஸ்டிக் ஜன்னலின் லேசான மங்கலை, பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பாலிஷ் கொண்டு தேய்த்து நீக்கலாம். மஞ்சளாகிக் கெட்டியாகிவிட்டால் மாற்றுவதே வழி. முதல் தலைமுறைக் காரில் கூரையை மடக்கும் முன் ஜன்னலின் ஜிப்பை அவிழ்த்துத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். அவிழ்க்காமல் மடக்கினால் மடிப்பு விழுந்த இடத்தில் கீறும். குளிர்ந்த காலைப் பொழுதில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அப்போது மடக்கவே வேண்டாம். துணியை மென்மையான தூரிகையும் மிதமான சோப்பு நீரும் கொண்டு கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு நீர் ஒட்டாமல் தடுக்கும் தெளிப்பானைப் பூசுங்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சு வேண்டாம். நனைந்த கூரையை மடக்கி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டைக் கடந்த இரண்டாம் தலைமுறைக் காரில் 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ‘டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்றினால் போதும், அதற்கு இன்னும் பாதி ஓட்டம் இருக்கிறது’ என்கிறார் விற்பவர். சரிதானா?

சரியல்ல. ரப்பருக்கு ஓட்டக் கணக்கு மட்டும் இல்லை, வயதும் உண்டு. பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாவிட்டால், அது மாற்றப்படவில்லை என்றே கொண்டு, வாங்கிய முதல் வாரத்தில் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பையும் முன்பக்க ஆயில் சீல்களையும் அதே வேலையில் மாற்றிவிடுவது சிக்கனம், ஏனென்றால் பிறகு அவற்றுக்காக மீண்டும் அத்தனையையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

டயரிலும் இதே கதைதான். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதால் டயர் நல்லது என்று ஆகாது. பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. பத்து வயதான டயரில் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும்; ஈரச் சாலையில், பின்சக்கர இயக்கமுள்ள லேசான காரில், அது உண்மையான ஆபத்து. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கார் ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும்.

கேள்வி: ஏறக்குறைய அதே விலைக்குப் பழைய போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இசட்3, டொயோட்டா எம்ஆர்2, எம்ஜி எஃப் எல்லாம் கிடைக்கின்றனவே? அவற்றை ஏன் வாங்கக் கூடாது?

வாங்கலாம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால்.

1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர், என் கருத்தில், இந்த விலையில் ஓட்டி மகிழக் கிடைக்கும் மிகச் சிறந்த கார். நடுவில் அமைந்த ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஓசைக்காகவே அதை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் அந்த இன்ஜினின் இடைத்தண்டு பேரிங் உடைந்தால் இன்ஜின் முழுவதுமே போய்விடலாம். உடையாவிட்டாலும் ஒவ்வொரு பாகத்தின் விலையும் புதுப் போர்ஷே காருக்கு உரிய விலைதான். வாங்கும் விலை இறங்கிவிட்டது, வைத்திருக்கும் செலவு இறங்கவில்லை. காரின் விலைக்கு இணையான தொகையைப் பழுதுக்கென்று தனியாக வைத்திருப்பவருக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

இசட்3 வாங்குபவர்கள் டிக்கியின் தளத்தைக் கீழிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்தில் ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போய்த் தகடு கிழிவது உண்டு, குறிப்பாக வலுவான ஆறு சிலிண்டர் கார்களில். 1999 முதல் 2007 வரை வந்த எம்ஆர்2 ஓட்டுவதற்கு அருமையானது. அதன் ஆரம்பகால இன்ஜின்கள் எண்ணெய் குடிக்கும், பொருள் வைக்க இடமே இல்லை என்று சொல்லலாம். எம்ஜி எஃப் காரில் இன்ஜின் சூடேறி, அதன் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போவது பெயர்பெற்ற குறை; அந்த வேலை முறையாகச் செய்யப்பட்டதற்கான ரசீது இருந்தால் மட்டும் பாருங்கள்.

கேள்வி: 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காருக்கு ஏறக்குறைய 115 குதிரைத்திறன்தான். என் எஸ்யூவிக்கே 150 இருக்கிறது. டர்போ பொருத்தினால் நன்றாக இருக்குமா?

உங்கள் எஸ்யூவியின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு 88 குதிரைத்திறன் வருகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் எடை ஏறக்குறைய 950 கிலோ; ஒரு டன்னுக்கு 121. ஆனால் இந்தக் காரின் இன்பம் இந்தக் கணக்கில் அடங்குவதும் இல்லை. முன்சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளிவைக்கப்பட்ட இன்ஜின், முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்ட எடை, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், இவையெல்லாம் சேர்ந்து, வளைவில் டயர் என்ன செய்கிறது என்பதை உங்கள் உள்ளங்கைக்கும் முதுகுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குதிரையும் குதிரைவீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை மஸ்தா பொறியாளர்கள் தங்கள் இலக்காக வைத்திருந்தார்கள். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே இந்தக் காரின் முழுத் திறமையையும் அனுபவிக்க முடியும், அதுவே எனக்கு இதன் மிகப் பெரிய சிறப்பு.

டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் சஸ்பென்ஷனின் இணைப்புகளில் உள்ள புஷ் எனப்படும் ரப்பர் உருளைகளுக்குச் செலவிடுங்கள். இருபது ஆண்டு கடந்த புஷ்கள் வெடித்து, இளகி, சக்கரங்கள் தம் நிலையில் நிற்க முடியாதபடி செய்திருக்கும். அவற்றையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, நல்ல டயர்கள் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வேறு காரை ஓட்டுவதுபோல் இருக்கும். கியர் லீவர் கரகரப்பாக இருந்தால், அதன் அடியில் உள்ள சிறிய குழிவில் தனியாக இருக்கும் எண்ணெயை மாற்றி, கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவில் இவ்வளவு மகிழ்ச்சி தரும் வேறு வேலை எனக்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு வயது 61. கூரையில்லாத கார் ஆபத்தானது என்று என் மனைவி அஞ்சுகிறார். அவர் சொல்வது சரியா?

அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. கார் கவிழ்ந்தால் துணிக் கூரை காப்பாற்றாது. இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் எனப்படும் வலுவான பாதுகாப்பு வளைவைப் பொருத்தலாம், ஆனால் அது உங்கள் தலையைவிட உயரமாக இருந்தால்தான் பயன். அமர்ந்த நிலையில் ஒரு நீள அளவுகோலை முன் கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் ரோல் பாருக்கும் இடையே வைத்துத் தலை இடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பழைய கார்கள் எல்லாவற்றிலும் இல்லை, ஆகவே கேட்டு வாங்குங்கள். பெரிய வாகன ஓட்டுநர்களின் கண்ணுக்கு இந்தத் தாழ்ந்த கார் எளிதில் தென்படாது என்பதால் பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டுவது நல்லது. முழங்கால் வலி இருந்தால், வாங்கும் முன் கூரையை மூடிய நிலையில் ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மழை நாளில் அப்படித்தான் ஏற வேண்டியிருக்கும். உங்கள் மனைவியையும் ஒரு முறை பக்கத்தில் அமர்த்தி ஓட்டிப் பார்த்த பிறகு இருவருமாக முடிவெடுங்கள்.

கேள்வி: சில மாதங்கள் ஓட்டாமல் நிறுத்த வேண்டியிருந்தால் என்ன செய்வது?

கூரை காய்ந்திருக்கும்போது மேலே மூடி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இந்தக் கார்களில் பின்பக்கப் பிரேக் காலிப்பர்கள் நின்ற நிலையில் இறுகிக்கொள்ளும் பழக்கம் உடையவை. பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜரை இணைத்துவிடலாம். பெட்ரோல் டேங்க்கை நிரப்பி, டயர்களில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். காற்று புகாத பிளாஸ்டிக் போர்வை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், மூச்சுவிடும் துணிப் போர்வையே நல்லது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது பலரிடம் உள்ள வழக்கம். அதனால் இன்ஜினும் சைலன்சரும் முழுதாகச் சூடேறாமல் உள்ளே நீர்த்துளிகள் தங்குகின்றன. ஸ்டார்ட் செய்வதென்றால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அதற்கு நேரமில்லாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.